காளான் தேடும் கனவு

எழுத்தையும் கோப்புகளையும் நம்பி வாழும் மனிதனுக்கு அவ்வப்போது ஒரு பகற்கனவு தோன்றுவதுண்டு. மிலான் நகரத்து அலுவலகமொன்றில் நாள் முழுவதும் கடிதங்களுக்கு மறுமொழி எழுதும் ஒருவனுக்கு, அக்கனவு வட இத்தாலியின் ஆல்பா நகரைச் சூழ்ந்த குன்றுகளில் விரிகின்றது. இலையுதிர்காலத்து மூடுபனி, கருவாலி மரங்கள், முன்னே மோப்பம் பிடித்துச் செல்லும் நாய், பின்னே சிறு மண்வெட்டியுடன் அவன். மேலதிகாரி இல்லை. கையிலுள்ள மண்ணைக் கழுவிவிட்டால் அன்றைய வேலையும் முடிந்துவிடும்.

அவன் தேடுவது ட்ரஃபிள் எனப்படும் நிலத்தடிக் காளான். அது மரவேர்களோடு கூடி வாழ்வது. மண்ணிலிருந்து நீரையும் கனியுப்புகளையும் மரத்துக்கு அளித்து, மரம் ஆக்கிய சர்க்கரையைப் பெறுவது. நிலத்துக்கு மேல் தலைகாட்டாத காரணத்தால் அதன் வித்திகளைக் காற்று சுமந்து செல்வதில்லை. எனவே வாசனையால் விலங்குகளை அழைத்து, அவை தின்று பரப்ப வழிசெய்கின்றது. மனிதனது மூக்குக்கு எட்டாத அவ்வழைப்பு நாய்க்கு எட்டுகின்றது. முற்காலத்தில் பன்றிகளும் இவ்வேலைக்குப் பயன்பட்டன. ஆயின் அவை கண்டதைத் தாமே தின்றுவிட முயல்வன, நிலத்தையும் கிளறிக் கெடுப்பன. 1985 ஆம் ஆண்டின் இத்தாலியச் சட்டம் பழக்கிய நாயைக் கொண்டே தேடவேண்டும் என விதித்தது.

அதே சட்டம் கனவு காண்பவனுக்கு வேறொன்றையும் வைத்திருக்கின்றது. காளான் தேட அனுமதிப்பத்திரம் வேண்டும். அதனைப் பெறப் பரீட்சையில் தேறவேண்டும்! பரீட்சைகளையும் பத்திரங்களையும் விட்டு ஓட எண்ணியவனைக் காட்டின் வாயிலிலேயே அவை எதிர்கொள்கின்றன. உள்ளே சென்றாலும் அமைதி உறுதியில்லை. வெண்ணிற ட்ரஃபிள் கிலோ ஒன்று ஆயிரக்கணக்கான யூரோவுக்கு விலைபோவது. ஆதலால், தான் அறிந்த இடத்தைப் பிறர் அறியாதிருக்க வேட்டைக்காரன் இரவில் நடக்கின்றான். போட்டியாளர் வைத்த நஞ்சுணவைத் தின்று நாய்கள் மாண்ட செய்திகளும் உண்டு. மழை பொய்த்த ஆண்டில் உழைப்பு முழுவதும் வீணாகலாம்.

பிறர் தொழிலை எளியதென எண்ணுவது தூரத்திலிருந்து பார்ப்பவனின் இயல்பு. அவன் மூடுபனியைக் காண்கின்றான். அதில் நனைந்து நடுங்கும் கிழவனின் முழங்கால் வலியைக் காண்பதில்லை. அவ்வகையில் இக்கனவு அறியாமையின் பாற்பட்டது; உழைப்பவனுக்குச் சிறிது அநீதி இழைப்பதும் ஆகும்.

எனினும், அதன் அடியில் கிடக்கும் ஆசை பொய்யன்று. நாயும் மனிதனும் செல்லும் முறையைக் கவனித்தால் இது விளங்கும். குட்டிப் பருவத்திலிருந்து பொறுமையாகப் பழக்கியவன் அவனே. காட்டினுள் புகுந்த பின்னரோ அவன் நாயைப் பின்தொடர்பவன். நாய் மண்ணைக் கீறத் தொடங்கியதும் அதனை மெல்ல விலக்கி, காளான் சிதையாதவாறு தோண்டுகின்றான். பொருள் அவனுக்கு, ஒரு ரொட்டித்துண்டும் தட்டிக்கொடுத்தலும் நாய்க்கு. பின் குழியை மூடுகின்றான். சட்டமும் அதனைக் கேட்கின்றது. வருங்கால விளைச்சலும் அதனைக் கேட்கின்றது. இவ்வறிவையும் வழக்கத்தையும் யுனெஸ்கோ 2021 ஆம் ஆண்டில் மானிடத்தின் அருவ மரபுரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

தொடக்கமும் முடிவும் கண்ணுக்குத் தெரியும் வேலை. நம்பத்தக்க ஒரு துணை. எடுத்த இடத்தைக் கெடுக்காது திரும்பும் ஒழுக்கம். கடிதங்களுக்கிடையே அமர்ந்திருப்பவன் ஏங்குவது இம்மூன்றுக்குமே. காட்டுக்குச் செல்வோர் மிகச் சிலர்; பெரும்பாலோர் மறுநாளும் அதே மேசைக்கே வருவர். அம்மேசையிலும் இம்மூன்றையும் கேட்டுப்பெற மனிதனுக்கு உரிமையுண்டு. கனவுதானே என்று அதனைத் தள்ளிவிடுபவன், அவ்வுரிமையையும் சேர்த்தே கைவிடுகின்றான்.