வலது பக்க சீட்டு

சென்னையில் டிக்கெட் எடுக்காமல் விமானத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமா? பேசாமல் பரங்கிமலைக்குப் போய்விடுங்கள். எலெக்ட்ரிக் ட்ரெயினிலோ மெட்ரோவிலோ இறங்கி, கொஞ்சம் நடந்து, நூற்றுச் சொச்சம் படிகள் ஏறினால் உச்சி. சுமார் 300 அடி உயரம். 1523-ல் போர்ச்சுகீசியர் கட்டிய சர்ச். பக்தி உள்ளவர்கள் உள்ளே போய் மண்டியிடுகிறார்கள். காதலர்கள் நிழல் தேடுகிறார்கள். என்னைப் போன்ற வெட்டி ஆசாமிகள் தெற்குப் பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு மீனம்பாக்கத்தைப் பார்க்கிறார்கள்.

கீழே பாய் விரித்த மாதிரி ரன்வே. நீளம் சுமார் 3.6 கிலோமீட்டர். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கடல் பக்கமிருந்து அடையாறு, கிண்டி மேலாக வரும் விமானம், மலையைத் தாண்டும்போது ஏறக்குறைய நம் கண் மட்டத்தில் போகிறது. ஜன்னலோரத்து ஆசாமிக்கு டாட்டா காட்டலாம். பதிலுக்கு அவர் காட்டுவாரா என்பது வேறு விஷயம்.

வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிட்டால் ட்ராஃபிக் அப்படியே தலைகீழ். விமானங்கள் அந்தப் பக்கமிருந்து இறங்கி, இந்தப் பக்கமாக நம்மை நோக்கிக் கிளம்பும். காரணம் எளிது. விமானத்துக்கு எதிர்க்காற்றுதான் பிடிக்கும். சில நாள் மத்தியானம் கடற்காற்று உள்ளே நுழைந்ததும், காலையில் ஒரு பக்கம் இறங்கிய விமானங்கள் சாயங்காலம் மறுபக்கம் இறங்குவதும் உண்டு. அதனால்தான் ஒரே ரன்வேக்கு இரண்டு பெயர். ஒரு முனையில் 07, மறு முனையில் 25. திசைகாட்டியில் 70 டிகிரி, 250 டிகிரி. கடைசிப் பூஜ்யத்தை வெட்டிவிட்டால் பெயர் ரெடி!

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் படித்தது பி.காம். பாலன்ஸ் ஷீட் தவிர எதுவும் பறந்து பார்த்ததில்லை. சொல்லிக்கொடுத்தது ஒரு தம்பி. விருதுநகர்ப் பக்கத்துப் பையன். விமானக் கம்பெனி ஒன்றில் புதிதாகச் சேர்ந்து, காக்பிட்டில் வலது பக்க சீட்டில் உட்காருகிறான். கேப்டனுக்கு இடது, கோ-பைலட்டுக்கு வலது. "பேரும் வேணாம், கம்பெனியும் வேணாம்ணே. டீ மட்டும் வாங்கிக் குடுங்க" என்றான். சரி என்று மலைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ப்ளேன் ஓட்டக் கத்துக்கறது கஷ்டமா தம்பி?"

"ஓட்டறது பாதிதான்ணே. மீதி பாதி ரூல்ஸ்."

கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதோடு விமானச் சட்டம், வழி கண்டுபிடித்தல், வானிலை, இன்ஜின் சமாசாரம் என்று வரிசையாகப் பரீட்சைகள். பாஸ் மார்க் 70! நம்ம காலேஜில் 40 வாங்கியதற்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவர்கள் நாம். அப்புறம் எந்த ரக விமானமோ அதற்குத் தனிப் பயிற்சி. சிமுலேட்டர் என்கிற பெட்டிக்குள் உட்காரவைத்து இன்ஜினை அணைப்பார்கள், தீ வைப்பார்கள், புயலைக் கிளப்புவார்கள். பையன் வேர்த்து வெளியே வந்தால் டீ கொடுத்து மறுபடி உள்ளே அனுப்புவார்கள்.

முதல் பாடம் செக்லிஸ்ட். 1935 அக்டோபரில் அமெரிக்காவில் போயிங் கம்பெனியின் புது மாடல் 299 குண்டுவீச்சு விமானம் வெள்ளோட்டத்தில் கிளம்பி, ஏறிய வேகத்தில் விழுந்தது. ஓட்டியவர்கள் கத்துக்குட்டிகள் இல்லை, கைதேர்ந்தவர்கள். நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் வால் ஆடாமலிருக்க ஒரு பூட்டு உண்டு. அதை எடுக்க மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான். கெட்டிக்காரனின் ஞாபகத்தை நம்பக்கூடாது என்று பிறந்தது அந்தக் காகிதம். இன்றைக்கும் ஒருவர் படிக்க, அடுத்தவர் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். இருபது வருஷ சர்வீஸ் கேப்டனானாலும் "எனக்குத் தெரியும்ப்பா" என்று தாண்ட முடியாது.

கேட்டபோது எனக்கு ஆடிட்டிங் ஞாபகம் வந்தது. ஒருவர் வவுச்சரைப் படிக்க, இன்னொருவர் லெட்ஜரில் பச்சை மையில் டிக் அடிப்பாரே, அதே கதை. எழுதியவனே சரிபார்க்கக் கூடாது! காக்பிட்டிலும் அப்படித்தான். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணிப்பார். ஒரு பயணத்தில் கேப்டன் ஓட்டினால், அடுத்ததில் கோ-பைலட் ஓட்டுவதும் உண்டு. கை மாறும்போது "என் கையில் இருக்கிறது", "உங்கள் கையில் இருக்கிறது" என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் ஓட்டுவதாக இவரும், இவர் ஓட்டுவதாக அவரும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆபீஸில் ஒரு ஃபைல் இரண்டு டேபிளுக்கு நடுவில் ஆறு மாதம் தூங்குவது இப்படித்தானே?

பெட்ரோல் கணக்கு இன்னும் பிடித்தது. போகிற தூரத்துக்கு வேண்டிய எரிபொருள் மட்டும் போதாது. எதிர்பாராத செலவுக்குக் கொஞ்சம். சென்னையில் இறங்க முடியாவிட்டால் பெங்களூருக்கோ திருச்சிக்கோ போகக் கொஞ்சம். அங்கே போய் வட்டமடிக்க முப்பது நிமிஷத்துக்கு இன்னும் கொஞ்சம். அந்தக் கடைசி முப்பது நிமிஷத்தில் கை வைக்கும் நிலை வந்தால் 'மேடே' என்று மூன்று தடவை அலற வேண்டும். நாமெல்லாம் இருபதாம் தேதியே ரிசர்வ் ஃபண்டைக் காலி செய்கிறவர்கள். நமக்கு யாரிடம் 'மேடே' சொல்வது?

"அதுல காட்டறான் பாருங்க" என்று தம்பி கை நீட்டினான். தூரத்தில் ஒரு விமானம் ரன்வேயில் ஓடத் தொடங்கியது. "இப்ப கேப்டன் கை த்ராட்டில் மேல இருக்கும். 'வி-ஒன்'னு சத்தம் வந்ததும் கையை எடுத்துடுவார்."

"ஏன்?"

"அந்த வேகம் வரைக்கும் பிரேக் போட்டு நிறுத்தலாம். தாண்டிட்டா நிறுத்த ரன்வே பத்தாது. ஒரு இன்ஜின் போனாலும் மேல ஏறித்தான் ஆகணும். கை அங்கேயே இருந்தா, பயத்துல பின்னால இழுத்துடுவோம் இல்லையா? அதான் கையையே எடுத்துடணும்னு ரூல்."

கல்யாண மண்டபத்தில் தாலி கட்டியாகிவிட்டது என்று கெட்டிமேளம் கொட்டுவார்களே, அந்த மாதிரி!

பேச்சுக்கும் கட்டுப்பாடு உண்டு. பத்தாயிரம் அடிக்குக் கீழே காக்பிட்டில் ஊர்வம்பு, கிரிக்கெட், இன்க்ரிமென்ட் எதுவும் பேசக்கூடாது. 1974-ல் அமெரிக்காவின் ஷார்லட் நகரில் இறங்க வந்த விமானத்தில், பைலட்டுகள் அரசியலும் பழைய கார் விற்பதும் பேசிக்கொண்டே உயரத்தைக் கோட்டைவிட்டார்கள். எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 1981-ல் அமெரிக்காவில் அதைச் சட்டமாகவே போட்டார்கள்.

சாப்பாட்டிலும் ஒரு வழக்கம். பல கம்பெனிகளில் இரண்டு பைலட்டுக்கும் ஒரே சாப்பாடு கிடையாது. ஒருவருக்கு வயிறு கெட்டாலும் மற்றவர் தப்ப வேண்டுமே! மது? நம் நாட்டில் பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. 2023-ல் வந்த திருத்தத்தில், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷுக்கும் தடை. "வாய் கொப்பளிக்கறதுக்குக்கூட லேபிள் படிக்கறேண்ணே" என்றான் பாவம்.

நடுவில் ஒன்று நடந்தது. கடல் பக்கமிருந்து ஒரு விமானம் சக்கரங்களை நீட்டிக்கொண்டு அழகாக வந்தது. மலைக்கு நேராக வந்தபோது திடீரென்று மூக்கை நிமிர்த்தி, 'ஹோ'வென்ற சத்தத்தோடு மேலே ஏறிப் போய்விட்டது. பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்தவர், "டிரைவர் புதுசு போல!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை.

"அது தப்பில்லண்ணே. அதுதான் சரி."

இறங்கும்போது ஆயிரம் அடி உயரத்துக்கு வருவதற்குள் வேகம், சக்கரம், இறக்கையின் மடிப்பு, செக்லிஸ்ட் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். தெளிவான பகலில் பொதுவாக 500 அடி வரை சலுகை. அதற்குள் ஏதாவது ஒன்று சரியில்லையென்றால், கீழே ரன்வே முன்னால் ஓடி வெட்கச் சிரிப்புச் சிரித்தாலும் இறங்கக் கூடாது. 'கோ அரவுண்ட்' என்று சொல்லிவிட்டு மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றி மறுபடி வர வேண்டும்.

"இவ்வளவுதானே, இதிலென்ன கஷ்டம்?"

தம்பி டீ க்ளாஸைக் கீழே வைத்தான். "அந்த ரெண்டு வார்த்தையை யார் சொல்றதுங்கறதுதாண்ணே கஷ்டம்."

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவு. மூடுபனி. ஒரு ஜம்போ ரன்வேயில் ஊர்ந்துகொண்டிருந்தபோதே, கிளம்ப அனுமதி வராமல் இன்னொரு ஜம்போவைக் கிளப்பிவிட்டார் அதன் கேப்டன். கம்பெனி விளம்பரத்திலேயே படம் வந்த பெரிய மனிதர், மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். ரன்வே காலியாகிவிட்டதா என்று பின்னாலிருந்த இன்ஜினீயர் சந்தேகமாகக் கேட்டார். ஆகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார் கேப்டன். இன்ஜினீயர் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. 583 உயிர்கள். அதற்கப்புறம்தான் ரேடியோவில் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை அனுமதி கொடுக்கவோ ரத்து செய்யவோ தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றார்கள். சின்னவர் பெரியவரிடம் எப்படிப் பேசுவது என்பதையே ஒரு பாடமாக வைத்தார்கள்.

தூர தேசத்துக் கதை என்று விட முடியாது. 2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த விமானம் உயரம் குறையாமல், வேகம் அதிகமாக வந்தது. கோ-பைலட் 'கோ அரவுண்ட்' என்று ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது. கேப்டன் இறக்கினார். மலைமேல் மேசை போட்ட மாதிரியான ரன்வே. தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 8 பேர்.

"எங்க வீட்ல அப்பா பேசும்போது நான் நிமிர்ந்து பார்த்ததில்லண்ணே" என்றான் தம்பி. "பள்ளிக்கூடத்துல வாத்தியார் போர்டுல தப்பா எழுதினாக்கூட தப்பாவே காப்பி பண்ணிக்குவோம். பெரியவங்களுக்கு நடுவுல பேசாதேன்னு சொல்லித்தானே வளர்த்தாங்க? இங்க வந்தா, பேசாம இருந்தாதான் தப்புங்கறாங்க."

அதற்கும் படிகள் வைத்திருக்கிறார்கள். முதலில் தகவலாகச் சொல்ல வேண்டும்: 'சார், வேகம் அதிகம்.' பதில் இல்லையா? யோசனையாகச் சொல்ல வேண்டும்: 'சார், சுற்றிவிட்டு வரலாம்.' அதற்கும் அசையவில்லையா? உத்தரவாகவே சொல்ல வேண்டும்: 'கோ அரவுண்ட்!' அதற்கும் பதிலில்லை என்றால், கேப்டனுக்கு மயக்கமோ என்னவோ என்று வைத்துக்கொண்டு 'என் கையில் இருக்கிறது' என்று விமானத்தை வாங்கிவிட வேண்டும். இன்றைக்குப் பல கம்பெனிகளில் இரண்டு பேரில் யார் சொன்னாலும் திரும்ப ஏறியாக வேண்டும். சொன்னதற்காகத் தண்டனை கிடையாது.

"நீ சொல்லியிருக்கியா?"

கொஞ்ச நேரம் ரன்வேயையே பார்த்தான். "சிமுலேட்டர்ல முதல் தடவை வாயே வரலண்ணே. ட்ரெயினிங் கேப்டன் வேணும்னே தப்பா இறக்கறார். எனக்குத் தெரியுது, தொண்டைக்குள்ளயே நிக்குது. பெட்டி குலுங்கி, ஸ்க்ரீன் சிவப்பாயிடுச்சு. அவர் திட்டல. 'இப்ப பின்னால 180 பேர் இருந்தாங்க'ன்னு மட்டும் சொன்னார். அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல் பாத்ரூம்ல கண்ணாடி முன்னால நின்னு 'கோ அரவுண்ட், கோ அரவுண்ட்'னு நூறு தடவை கத்திப் பழகினேன். பக்கத்து ரூம்காரன் கதவைத் தட்டி, 'யாரைடா சுத்தச் சொல்றே'ன்னான்."

"அப்புறம்?"

"போன மாசம் நிஜத்துல ஒரு தடவை சொன்னேன். மழை. காத்து மாறிடுச்சு. கேப்டன் என்னைவிட இருபது வயசு பெரியவர். சொன்ன அடுத்த நொடி மேல ஏத்திட்டார். ரெண்டாவது சுத்துல நல்லா இறங்கினோம். கதவைத் திறந்ததும் ஒரு பயணி, 'என்ன சார் விளையாடறீங்க, எனக்கு மீட்டிங் போச்சு'ன்னு சண்டை போட்டார். கேப்டன் 'ஸாரி'ன்னார். வண்டியில ரூமுக்குப் போகும்போது என் தோளைத் தட்டி, 'அப்படித்தாம்ப்பா'ன்னார். அவ்வளவுதான்."

இருட்ட ஆரம்பித்தது. ரன்வே விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. மேலே போன அந்த விமானம் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு, மறுபடி எங்கள் கண்மட்டத்தைக் கடந்து, சத்தமில்லாமல் இறங்கியது. சுண்டல்காரர் அதைக் கவனிக்கவில்லை.

ஆபீஸ் நண்பர்களே, நீங்கள் அடுத்த முறை விமானத்தில் போகும்போது, இறங்கப் போகிற கட்டத்தில் அது 'ஜிவ்'வென்று மேலே ஏறினால், கம்ப்ளெயின்ட் எழுதப் பேனாவைத் தேடாதீர்கள். இருபத்துநாலு வயசுப் பையன் ஒருவன் வாயைத் திறந்திருக்கிறான், பெரியவர் ஒருவர் காது கொடுத்திருக்கிறார். மீட்டிங் பத்து நிமிஷம் லேட்டாகத் தொடங்கட்டும்.

அந்த மீட்டிங்கில் மேனேஜர் தப்பான கணக்கு ஒன்றைக் காட்டி, எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தால்... நீங்கள் எந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், சார்!