171 எழுத்தில் ஓர் ஊர்

திங்கள், காலை

வாரத்தைத் தொடங்கி வைத்தது ஒரு வாட்சப் செய்தி. திருவெண்ணெய்நல்லூரின் பழங்கதைகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஒரு சின்ன இணையதளம். சடையப்ப வள்ளலுக்கு ஒரு பக்கம், மெய்கண்டாருக்கு ஒன்று, அருட்டுறைக் கோயிலுக்கு ஒன்று என்று போகும். நடத்துபவர் சென்னையில் சில வருடம் புரோகிராம் எழுதிவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். இந்தக் குறிப்புகளில் அவர் ‘தளக்காரர்’.

பக்கங்களுக்குத் தமிழிலேயே முகவரி வைத்துப் பார்க்கலாம் என்று முதல் நாள் இரவு ஊர்ப்பெயரில் ஒரு சோதனைப் பக்கம் ஏற்றி, அதன் லிங்க்கை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு அனுப்பியிருந்தார். காலையில் போன் வந்தது.

“என்ன தம்பி அனுப்பியிருக்க, லிங்க்கா எறும்பு வரிசையா? போன்ல நாலு வரிக்கு சதவீதக் குறியா ஓடுது.”

“அது நம்ம ஊர்ப்பேருதாங்கய்யா.”

ஐயா நம்பவில்லை. தளக்காரர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். திருவெண்ணெய்நல்லூர் என்பது கண்ணுக்கு 10 எழுத்து. யூனிகோடுக்கு 19, ஏனென்றால் ‘தி’யில் தகரம் தனி, அதன் மேல் ஏறிய சுழி தனி, ‘ண்’ணில் ணகரம் தனி, புள்ளி தனி. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், ஆக 57 பைட். இணைய முகவரியின் பாதைப் பகுதியில் ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும்தான் அப்படியே செல்லும். மற்ற பைட் ஒவ்வொன்றும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். 57 மூன்று 171. பிரவுசர் தன் பட்டையில் அழகாகத் தமிழில் காட்டுகிறது. நகலெடுத்து ஒட்டும்போது 171 எழுத்தாகக் கொட்டிவிடுகிறது.

“பேசாம இங்கிலீஷ்லயே போட்டுடேன்” என்றார் ஐயா.

எந்த இங்கிலீஷில்? முதலெழுத்தில் ‘எச்’ சேர்ப்பதா வேண்டாமா, கடைசியில் ஒரு ‘யு’வா இரண்டு ‘ஓ’வா? ரயில்வே ஒரு மாதிரி எழுதுகிறது, கடைப்பலகைகள் நாலு மாதிரி. மாவட்டத் தலைநகருக்கே விழுப்புரம், வில்லுப்புரம் என்று இரண்டு உச்சரிப்பில் ஆங்கிலம் புழங்குகிறது. 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களுக்குத் தமிழ் உச்சரிப்பை ஒட்டிய ஆங்கில எழுத்துகளை அறிவித்து, கேலியும் குழப்பமும் கிளம்பியதும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது நினைவிருக்கலாம். ஆங்கிலத்தில்தான் ஊர்ப்பெயருக்கு ஒரே எழுத்து கிடையாது. தமிழில் உண்டு. முகவரி தமிழிலேயே இருக்கட்டும் என்று முடிவானது.

திங்கள், இரவு

பழைய பக்கங்களின் முகவரி இப்படி இருந்தது: இன்டெக்ஸ் டாட் பிஎச்பி, ஒரு கேள்விக்குறி, ஐடி சமம் 37. அந்த 37 என்பது பொல்லாப்பிள்ளையார் என்று தளக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. வெளியே ‘பொல்லாப்பிள்ளையார்’ என்று கேட்க வேண்டும், உள்ளே அதே பழைய நிரல் 37-ஐ எடுத்துக் கொடுக்க வேண்டும். நடுவில் நின்று மாற்றிச் சொல்லும் வேலைக்குத்தான் யுஆர்எல் ரீரைட்டிங் என்று பெயர்.

விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் போகும் ரயிலில் ‘திருவெண்ணெய்நல்லூர் ரோடு’ என்றொரு நிலையம் வரும். பெயரை நம்பி இறங்கினால் ஊர் அங்கே இருக்காது. நம்மூர் நிலையப் பெயர்களில் வால்போல ஒட்டியிருக்கும் ‘ரோடு’க்கு அர்த்தமே அதுதான்: இங்கே இறங்கு, இந்தச் சாலையைப் பிடித்துப் போ. இணைய மொழியில் அதை ரீடைரக்ட் என்பார்கள். பயணிக்குத் தெரியும்படி வேறு இடத்துக்கு அனுப்புவது அது. ரீரைட் அப்படியல்ல, பயணி கேட்ட பெயரிலேயே வண்டி நிற்கும், தண்டவாளம் மட்டும் உள்ளுக்குள் மாறியிருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் வெள்ளிக்கிழமை ஒரு மாலைப்பொழுது வீணானது. அது பின்னால்.

அப்பாச்சி சர்வரில் இந்த வேலையைச் செய்யும் ‘மாட் ரீரைட்’ பகுதியை எழுதியவர் ரால்ஃப் எங்கல்ஷால். 1996 ஏப்ரலில் எழுதி, 1997 ஜூலையில் அப்பாச்சி குழுவுக்கே கொடுத்துவிட்டார். அதைப் பில்லிசூனியம் என்று கிண்டல் செய்தவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறார்கள். முழுக்கத் தப்பென்று சொல்ல முடியாது.

செவ்வாய்

ஒன்றும் நடக்கவில்லை. மூன்று வரி விதி எழுதி, அடைவுக்கென்று தனியாக வைக்கும் டாட் எச்டி ஆக்சஸ் என்ற அமைப்புக் கோப்பில் போட்டு, பக்கத்தைத் திறந்தால் 404, அதாவது ‘அப்படி ஒரு பக்கமே இல்லை’. விதியை மாற்றினாலும் 404. கடைசியில் கோப்புக்குள் வேண்டுமென்றே ‘கத்திரிக்காய்’ என்று எழுதி வைத்தார். சர்வர் படித்திருந்தால் 500 எரர் போட்டுக் கத்தியிருக்க வேண்டும். அதே அமைதியான 404. ஆக, கோப்பை அது திறக்கவே இல்லை.

காரணம் ஒற்றை வரி. அப்பாச்சி 2.4-இல் ‘அலவ் ஓவர்ரைட்’ என்ற அமைப்பு, யாரும் தொடாதவரை, ‘நன்’ என்றே இருக்கும். அடைவுக்குள் யார் என்ன எழுதி வைத்தாலும் கண்டுகொள்ளாதே என்று பொருள். அதை மாற்றி, சர்வரை ரீஸ்டார்ட் செய்ததும் கத்திரிக்காய்க்கு 500 வந்தது. அந்த எரரைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவர் அன்றைக்கு ஊரில் இவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

மாலையில் இன்னொன்று. பிரதான அமைப்புக் கோப்பில் எழுதும் விதி சாய்கோட்டில் தொடங்கும். அதே விதியை டாட் எச்டி ஆக்சஸில் வைத்தால் ஒருநாளும் பொருந்தாது, ஏனென்றால் அங்கே சர்வர் முதல் சாய்கோட்டை நறுக்கிவிட்டுத்தான் ஒப்பிடும். சாய்கோட்டை எடுத்தார். பக்கம் வந்தது.

புதன்

வந்த பக்கம் தப்பான பக்கம். எதைக் கேட்டாலும் நிரலுக்குக் கிடைத்த பெயர் ‘இன்டெக்ஸ் டாட் பிஎச்பி’. மெய்கண்டாரைக் கேட்டாலும் அதுதான், சடையப்பரைக் கேட்டாலும் அதுதான்.

விதியின் கடைசியில் ‘எல்’ கொடி இருந்தது. ‘லாஸ்ட்’, இதோடு நிறுத்து என்று பொருள். ஆனால் டாட் எச்டி ஆக்சஸில் அது நிறுத்துவது அந்தச் சுற்றை மட்டும். மாற்றி எழுதிய முகவரியை எடுத்துக்கொண்டு சர்வர் மறுபடி முதல் வரியிலிருந்து வரும். முதல் சுற்றில் ‘மெய்கண்டார்’ என்பது இன்டெக்ஸ் கோப்பானது. இரண்டாம் சுற்றில் இன்டெக்ஸ் கோப்பே ‘பக்கத்தின் பெயர்’ ஆகிவிட்டது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்துவிட்டுத் திரும்ப வந்து மறுபடியும் அதையே செய்யும் வேலையாள் மாதிரி.

இதற்கு மருந்து எல்லாரும் போடுகிற அந்த இரண்டு நிபந்தனைதான்: கேட்ட பெயரில் நிஜமாகவே கோப்பு இருந்தால் தொடாதே, அடைவு இருந்தால் தொடாதே. இணையத்தில் பாதிப்பேர் பொருள் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும் வரிகள். தளக்காரரும் பல வருடம் அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருந்தார்.

இடையில் ஒரு விஷப்பரீட்சை. நிரலை ‘ஆப்’ என்ற அடைவுக்கு நகர்த்தி, எது வந்தாலும் முன்னால் ‘ஆப்’ சேர் என்று விதி எழுதினார். 500. லாக் அளவை உயர்த்திப் பார்த்தால் ஆப், ஆப்-ஆப், ஆப்-ஆப்-ஆப் என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகிறது. அப்பாச்சி 10 உள் திருப்பங்கள் வரை பொறுத்துக்கொள்ளும், அதற்குமேல் கைவிட்டுவிடும். அடைவு பழைய இடத்துக்கே திரும்பியது.

வியாழன்

தமிழ் எழுத்துக்கான நாள்.

நல்ல செய்தி முதலில். மாட் ரீரைட் சதவீதக் குறிகளை அவிழ்த்துவிட்டுத்தான் விதியோடு ஒப்பிடுகிறது. எனவே கோப்பை யுடிஎஃப்-8-இல் சேமித்தால் விதிக்குள் ‘மெய்கண்டார்’ என்று தமிழிலேயே எழுதலாம். 171 எழுத்துச் சங்கிலியை யாரும் கையால் கோக்க வேண்டாம். கெட்ட செய்தி: அது பைட் கணக்கில்தான் படிக்கிறது. ‘எந்த எழுத்தானாலும் ஒன்று’ என்று புள்ளி வைத்தால் ‘த’வில் மூன்றில் ஒரு பங்குதான் மாட்டும். அ முதல் ஔ வரை என்று அடைப்புக்குள் எல்லை போட்டால் விதி உளறும். ‘சாய்கோடு அல்லாத எல்லாம்’ என்று எழுதுவதே உத்தமம். அதில் எழுத்தை எண்ணும் வேலையே இல்லை.

அடுத்தது தலைப்பிலிருந்து முகவரியைத் தயாரிக்கும் நிரல். இடைவெளி, காற்புள்ளி எல்லாவற்றையும் களைந்துவிட்டு ‘எழுத்து’களை மட்டும் வைத்துக்கொள் என்று இருந்தது. ஏற்றினார். ஊர்ப்பக்கத்தின் முகவரி இப்படி வந்தது:

தரவணணயநலலர

யூனிகோடின் வகைப்பாட்டில் தகரம் எழுத்து. அதன் சுழியும் கொம்பும் காலும் புள்ளியும் எழுத்தல்ல, ‘குறி’. எழுத்தை மட்டும் வை என்றால் நிரல் குறிகளைக் கூட்டிப் பெருக்கித் தள்ளிவிடுகிறது. இது ஒருவரின் கவனக்குறைவு என்று விட்டுவிட முடியாது; பைத்தானில் எழுதப்பட்ட புகழ்பெற்ற ஜாங்கோ சட்டகத்தில் யூனிகோடை அனுமதி என்று சொன்ன பிறகும் தமிழுக்கு இதே கதிதான். ஆங்கிலத்துக்குச் சுழி கிடையாது, எனவே எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. ‘எழுத்தும் குறியும்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்ததும் ஊருக்குப் புள்ளியும் கொம்பும் திரும்பின. அதற்குள் அரைமணி நேரம் மொட்டைப் பெயரோடு தளம் ஓடிக்கொண்டிருந்தது.

இரவு ஐயா அழைத்தார். “பொல்லாப்பிள்ளையார் வரலியே தம்பி.”

மெய்கண்டாரோடு சேர்த்துப் பேசப்படும் பிள்ளையார். உளிபடாதவர், பொள்ளாதவர், அதனால் அந்தப் பெயர். தளக்காரர் தட்டினால் வருகிறார், ஐயா தட்டினால் வர மறுக்கிறார். இரண்டு முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் ஒரு வித்தியாசமும் இல்லை. பைட்டாகப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. ‘பொ’வை இரண்டு விதமாக எழுதலாம்: பகரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது பகரம், கொம்பு, கால் என்று மூன்றாக. யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது. சர்வருக்கு இரண்டும் வேறு வேறு பிள்ளையார். கேட்கும் முகவரியை முதலில் ஒரே வடிவத்துக்கு, என்எஃப்சி என்பார்கள், கொண்டுவந்துவிட்டுத் தேடும்படி நிரலில் ஒரு வரி சேர்ந்தது.

வெள்ளி

பழைய லிங்க்குகளை என்ன செய்வது? ஐடி 37 என்று முடியும் முகவரி பலருடைய போனில் இருக்கிறது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே, நல்ல முகவரிகள் மாறக்கூடாது என்று வாதாடி ஒரு கட்டுரை எழுதினார். மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் பழையதைக் கேட்டு வருபவரைப் புதியதற்கு 301 போட்டு அனுப்பிவைக்க வேண்டும்.

முதல் தடை: விதியின் கண்ணுக்குக் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பது தெரியாது. அதைத் தனி நிபந்தனையாகக் கேட்க வேண்டும். கேட்டார். விதி பொருந்தியது. பிரவுசர் சுற்றத் தொடங்கியது.

யோசித்தால் சுற்றாமல் என்ன செய்யும்? ஐடி 37 கேட்டு வந்தவரைப் பிள்ளையார் முகவரிக்கு அனுப்புகிறது ஒரு விதி. பிள்ளையார் முகவரியை உள்ளே ஐடி 37 ஆக்குகிறது இன்னொரு விதி. அதைப் பார்த்ததும் முதல் விதிக்கு மறுபடி வேலை வந்துவிடுகிறது.

இந்த வழக்குக்கு இந்த ஊரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. புத்தூரில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலை காட்டிய கிழவரின் கதையைப் பெரியபுராணம் விரிவாகச் சொல்கிறது. சுந்தரர் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழவர் அசரவில்லை, கிழிந்தது படியோலை, மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்றார். ஊர்ச்சபை மூல ஓலையை வாங்கி, கையெழுத்தை ஒப்பிட்டுத்தான் தீர்ப்புச் சொன்னது.

அப்பாச்சியிலும் மூல ஓலை இருக்கிறது. ‘தி ரிக்வெஸ்ட்’ என்ற மாறியில் பிரவுசர் முதன்முதலில் கேட்ட வரி, எத்தனை விதி எத்தனை முறை திருத்தினாலும், கேட்டபடியே கிடக்கும். தளக்காரர் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது திருத்தப்பட்ட படியோலையை. நிபந்தனையை மூல ஓலைக்கு மாற்றினார்: ஆளே வாய்திறந்து ஐடி 37 என்று கேட்டிருந்தால் மட்டும் திருப்பு. பழைய ஐடி புதிய முகவரியின் வாலில் ஒட்டாதிருக்க ‘கியூஎஸ்டி’ கொடி.

போனில் சரியாக வந்தது. லேப்டாப்பில் இன்னும் சுற்றல். ஒன்றேகால் மணி நேரம் விதிகளைப் புரட்டிய பிறகுதான் உறைத்தது: 301 என்றால் ‘நிரந்தரம்’. பிரவுசர் பழைய தப்பை நிரந்தரமாக மனப்பாடம் செய்துகொண்டு சர்வரைக் கேட்காமலே ஓடிக்கொண்டிருந்தது. கேச்சைத் துடைத்ததும் நின்றது. சோதிக்கும்போது தற்காலிகமான 302-ஐப் போட்டுவிட்டு, எல்லாம் சரியான பிறகே 301 ஆக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

சனி

எறும்பு வரிசை இன்னும் பாக்கி. இந்தத் தொல்லையை முன்பே பட்டவர்கள் தமிழ் விக்கிப்பீடியாக்காரர்கள். 2003-இல் தொடங்கிய அந்தத் தளத்தில் தலைப்பெல்லாம் தமிழ். மின்னஞ்சலில் ஒட்டினால் பாதியில் அறுந்துபோகும். யுவி பாண்டா எழுதிய ‘ஷார்ட் யுஆர்எல்’ என்ற நீட்சி அதற்காகவே வந்தது. பக்கத்தின் வரிசை எண்ணை 36-இன் அடிமானத்தில், அதாவது 10 எண்ணும் 26 ஆங்கில எழுத்தும் கலந்து எழுதி, முன்னால் ‘எஸ்’ என்று ஓர் எழுத்தைச் சேர்த்தால் குறுமுகவரி தயார்.

தளக்காரர் அதையே பின்பற்றினார். 36-இன் அடிமானத்தில் 37 என்பது 11. பொல்லாப்பிள்ளையார் இனி வாட்சப்பில் ‘எஸ், சாய்கோடு, 11’. அழுத்தினால் 302, பிறகு தமிழ் முகவரி. விதி ஒரே வரி. அது முதல் தடவையிலேயே வேலை செய்தது.

ஞாயிறு

ஐயாவுக்குப் புதிய லிங்க் போனது. “இது லிங்க்கு” என்று பதில் வந்தது.

இரவு லாக்கைப் புரட்டினால் 404 ஒன்றே ஒன்று. ஏதோ ஒரு தேடுபொறியின் பாட், வியாழக்கிழமை அரைமணி நேரம் மட்டும் உயிரோடிருந்த ‘தரவணணயநலலர’ பக்கத்தைக் கேட்டுவிட்டுப் போயிருந்தது. தளக்காரர் கோப்பைத் திறந்து, அந்த மொட்டைப் பெயருக்கும் ஒரு 302 எழுதினார். சோதித்துப் பார்த்துவிட்டு 301 ஆக்கினார்.