பெயரில்லாத கல்

தாம்பரத்துக்கு மேற்கே நான் வீடு கட்ட ஆரம்பித்தபோது, அஸ்திவாரத்துக்கு இரண்டு லாரி கருங்கல் வந்து இறங்கியது. எல்லாம் வெடி வைத்துப் பிளந்த கற்கள். முனை கூராக இருந்தன. ஒன்று மட்டும் வேறு மாதிரி. முழங்கால் உயரம், வெயிலும் மழையும் தின்று மழுங்கிய உருண்டைக் கல்.

"இது குவாரிக் கல் இல்லீங்க. பாண்டவர் குழிக் கல்லு. வட்டமா நட்டு வெச்சிருப்பாங்களே, அதுல ஒண்ணு" என்றார் மேஸ்திரி, கையிலிருந்த சம்மட்டியைக் கீழே வைக்காமலே.

குன்றத்தூர், எருமையூர்ப் பக்கங்களில் இத்தகைய கல்வட்டங்கள் உண்டு. இரும்புக் காலத்து மக்கள் இறந்தவரின் எலும்புகளைத் தாழியிலோ சுட்ட மண் பேழையிலோ வைத்துப் புதைத்து, சுற்றிலும் பாறைகளை வட்டமாக நிறுத்தினார்கள். ஆகி இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகிறது. ஊராரைக் கேட்டால், பஞ்சபாண்டவர் வனவாசத்தில் தங்கிய இடம் என்பார்கள். காரணம் தெரியாத பழங்கல்லையெல்லாம் பாண்டவர் தலையில் கட்டுவது நம் வழக்கம். பல்லாவரம் மலையில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கும் அவர்கள் பெயரே வழங்கிற்று. உள்ளே ஐந்து அறைகள் இருந்தது வசதியாகப் போயிற்று.

இந்த வட்டாரக் கல்லுக்கு இன்னொரு கதையும் உண்டு. கல்கத்தாவில் 1693இல் இறந்த ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் சமாதிக் கல் இங்கிருந்து போனது என்பார்கள். சரியாக இருநூறு வருஷம் கழித்து, 1893இல், ஹாலந்து என்ற பூகர்ப்ப சாஸ்திரி அந்தக் கல்லை ஆராய்ந்து 'சார்னாகைட்' என்று பெயர் வைத்தார். பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் அந்த இனப் பாறைதான். ஒருவருடைய சமாதியால் பாறைக்கே பெயர் வந்துவிட்டது!

என் மனையில் கிடந்ததும் சமாதிக் கல்தான். யாருடையது? ஊர்த் தலைவனுடையதா, பிள்ளை பெற்று இறந்த பெண்ணுடையதா? வட்டத்தில் நின்றவரையில், 'இங்கே ஒருவர் இருக்கிறார்' என்றாவது அது சொல்லிக்கொண்டிருந்தது. பிடுங்கிய பிறகு அதையும் சொல்ல வழியில்லை.

திருப்பிக் கொண்டுபோய் வைக்க முடியுமா என்று லாரிக்காரரைக் கேட்டேன்.

"அங்கே மனை போட்டு வித்தாச்சு, சார்."

மேஸ்திரியை அதை மட்டும் உடைக்க விடவில்லை. வேப்பமரத்தடியில் உருட்டி வைத்தேன். "சமாதிக் கல்லையா வாசலில் வைப்பது?" என்று என் மனைவி கோபித்துக்கொண்டாள். இப்போது வாசல் தெளிக்கும்போது அதன் மேலும் ஒரு கை தண்ணீர் தெளிக்கிறாள்.

நான் பெரிய தர்மம் செய்துவிட்டதாக நண்பர்கள் புகழ்கிறார்கள். முன்பே உடைபட்டு வந்த கற்களில் எத்தனை வட்டங்கள் கலந்திருந்தன என்று நான் மேஸ்திரியைக் கேட்கவில்லை. அவற்றின் மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.