இன்னும் நோகுது, ஆண்டவரே

தலவில புனித அன்னம்மாள் கோயில் வளவில் எங்கே கால் வைத்தாலும் மணல். சுகமாக நடக்கிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. நாரியில் பிடித்து இடது குதிவரை இழுக்கிற நோவோடு நடந்தால்தான் தெரியும். குதி புதையும், இடுப்பு ஒரு பக்கம் சாயும், அதை நிமிர்த்துவதற்குள் மற்றக் காலும் புதைந்துவிடும். கோயில் வாசலை எட்டுவதற்குள் உடம்பு வியர்த்துவிடும். ஆனாலும் வருத்தக்காரர் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். மகனின் தோளைப் பிடித்தபடி போகிறவர்கள், கதிரையோடு தூக்கிக்கொண்டு போகப்படுகிறவர்கள், நேர்த்திக்காக முழங்காலில் நகர்கிறவர்கள் என்று பலரையும் அங்கே பார்க்கலாம்.

இலங்கையின் புத்தளம் பக்கத்துக் கற்பிட்டித் தீபகற்பத்தின் இந்தக் கரைக்கு அன்னம்மாள் வந்து சேர்ந்ததற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உண்டு. எங்கள் வீட்டில் சொன்னது, கப்பல் உடைந்து கரையேறிய போர்த்துக்கேய வியாபாரியின் கதை. கையிலிருந்த அன்னம்மாளின் உருவத்தை ஓர் ஆலமரத்தடியில் வைத்துச் செபித்து, பிழைத்தால் திரும்பி வந்து கோயில் கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டானாம். சொன்னபடியே வந்து கட்டினானாம். இப்போது நிற்கிற கோயில் 1843இல் கட்டி முடிந்தது. உள்ளே முதிரை மரத் தூண்கள். மார்ச்சில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு பெரிய திருநாள். நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் சனம் சட்டி பானையோடு வந்து வாடி அடித்துத் தங்கும். சிங்களத்திலும் தமிழிலும் பூசை நடக்கும். வேதக்காரர் அல்லாதவர்களும் வந்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். சுகம் கேட்டு வருகிறவர்கள் ஏராளம்.

நானும் சுகம் கேட்டுப் போகிறவள்தான். படிப்பிப்பது என் தொழில். பாதி நாள் கரும்பலகைக்கு முன்னால் நின்றே கழியும். நோவு வந்த பிறகு பாடத்தை மேசையில் கையூன்றியபடி நடத்தப் பழகிக்கொண்டேன். காலையில் எழும்புவதும் ஒரு வேலையாகிவிட்டது. முதலில் ஒருக்களித்து, பிறகு கைகளை ஊன்றி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் நிற்க ஏலும். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட நோவு என்பது மருத்துவக் கணக்கு. பட்ட காயம் ஆறிய பிறகும் நரம்புகள் ஓயாமல் சேதி அனுப்பிக்கொண்டிருக்கலாம், படம் எடுத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம், அதற்காக நோவு பொய்யாகிவிடாது என்று கிளினிக்கில் ஒரு டொக்டர் பொறுமையாக விளக்கினார். அந்த ஒரு விளக்கத்துக்காகவே அவருக்காக இன்றுவரை செபிக்கிறேன். வெளியே தெரியாத நோவைச் சுமக்கிறவர்களுக்கு, அது உண்மைதான் என்று யாராவது சொல்வதே பாதி மருந்து.

2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்ததே, அந்த வருஷம் நான் வழக்கமாக எடுக்கிற குளிசையைத் தேடிப் பார்மசி பார்மசியாக ஏறி இறங்கினோம். கிடைத்ததைப் பாதியாக உடைத்து விழுங்கினேன். பெற்றோலும் இல்லை, பஸ்ஸும் ஒழுங்காக இல்லை. அப்படியான ஒரு நாளில்தான் பக்கத்து ஊரில் ஒரு வீட்டுச் செபக் கூட்டத்துக்குத் தங்கச்சி கூட்டிக்கொண்டு போனாள். அங்கே வந்திருந்த போதகர் என் தலையில் கை வைத்து உருக்கமாகச் செபித்தார். முடிந்ததும், “இப்ப குனிஞ்சு பாருங்க சிஸ்டர்” என்றார். குனிந்தேன். பாதியிலேயே பிடித்துக்கொண்டது.

“நோவு போயிட்டுது என்று வாயால அறிக்கை பண்ணுங்க.”

“இன்னும் நோகுது பாஸ்டர்.”

“அப்ப உங்கட விசுவாசம் காணாது.”

கூட்டம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு நான் பூசைக்குப் போகாமல் இருக்கவில்லை, செபமாலையை விடவும் இல்லை. பிள்ளைகளுக்காகக் கேட்டேன், நாட்டுக்காகக் கேட்டேன். எனக்குச் சுகம் தா என்று மட்டும் கேட்க வாய் வரவில்லை. கேட்டுக் கிடைக்காவிட்டால் அதுவும் என் குற்றமாகிவிடும் என்கிற பயம். சுகமில்லாதவரின் வாயிலிருந்து சுகத்துக்கான மன்றாட்டைப் பிடுங்குவது கொடுமை. அது விசுவாசத்தின் பேரால் நடக்கும்போது இன்னும் கொடுமை.

அந்தப் பயத்தைப் போக்கியது மாற்கு நற்செய்தி. ஒரு புதன்கிழமைக் காலைப் பூசையில் பெத்சாயிதா ஊர்ப் பார்வையற்றவரைப் பற்றிய பகுதி வாசிக்கப்பட்டது. எட்டாம் அதிகாரம். எத்தனையோ தரம் கேட்டதுதான். இயேசு அவரைக் கைபிடித்து ஊருக்கு வெளியே கூட்டிக்கொண்டு போகிறார். கண்ணில் உமிழ்ந்து, கை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். அந்த மனிதர் மழுப்பவில்லை. ஆட்கள் தெரிகிறார்கள், ஆனால் நடக்கிற மரங்கள் மாதிரித் தெரிகிறார்கள் என்கிறார். கை வைத்தவர் கடவுளின் மகன். அவரிடமே, சரியாகத் தெரியவில்லை என்று சொல்ல அந்த மனிதருக்கு முடிந்திருக்கிறது. இயேசு முகம் சுளிக்கவில்லை, உன் விசுவாசம் காணாது என்று சொல்லவும் இல்லை. மறுபடியும் அவருடைய கண்களில் கை வைத்தார். சுகமளிக்க இரண்டு தரம் கை வைத்ததாக நற்செய்திகளில் வேறு இடமே இல்லை. மத்தேயுவும் லூக்காவும் இந்த நிகழ்ச்சியைச் சொல்லவில்லை, மாற்கு மட்டும் எழுதி வைத்திருக்கிறார். எனக்காக எழுதினார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏதாவது தெரிகிறதா என்ற அந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சுகமாகிவிட்டது என்று அறிவிக்கும்படி இயேசு அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டார். உள்ளதைச் சொன்னவருக்குத்தான் அடுத்த தொடுகை கிடைத்தது. அன்று நற்கருணை வாங்கி வந்து இருக்கையில் உட்கார்ந்து, “இன்னும் நோகுது, ஆண்டவரே. திரும்பவும் தொடுங்க” என்று கேட்டேன். நீண்ட காலத்துக்குப் பிறகு கேட்டது அது. அந்த மன்றாட்டில் பொய் இல்லாததால் மனசில் ஒரு பாரம் இறங்கியது.

அதன் பிறகு வேதத்தை வேறு கண்ணோடு வாசிக்கத் தொடங்கினேன். அதே மாற்குவில் இரண்டாம் அதிகாரம்: கப்பர்நாகுமில் முடக்குவாதக்காரரை நாலு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு பார்த்தது சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை. படுத்திருந்தவர் வாய் திறந்ததாகவே எழுதியிருக்கவில்லை. பவுலின் உடம்பில் பட்ட கைக்குட்டைகளால் எபேசு ஊரில் நோயாளிகள் சுகமானார்கள் என்கிறது திருத்தூதர் பணிகள். அந்த எபேசு ஊரவரான துரோப்பிம், பவுலின் கூட்டாளி. அவரை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவிட்டு வந்ததாகப் பவுலின் பேரிலுள்ள கடிதம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. யாருடைய விசுவாசம் போதாமல் போயிற்று, பவுலுடையதா, துரோப்பிமுடையதா? தன் உடம்பிலிருந்த முள்ளை எடுக்கும்படி பவுல் மூன்று தரம் கேட்டும் அது எடுக்கப்படவில்லை.

எங்கள் நாட்டுப் புனிதரையே பாருங்கள். கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்த யோசேவாஸ் அடிகளார், வந்த உடனேயே வயிற்றோட்டத்தில் விழுந்தார். பேரறியாத பெண்கள் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியில் பிழைத்தார். 1690இல் இந்தப் புத்தளம் பகுதிக்கு வந்தார். 1697இல் கண்டியில் அம்மை பரவிச் சனம் ஓடியபோது, கைவிடப்பட்டவர்களைத் தேடிப் போய்ப் புண் துடைத்து, கஞ்சி ஊட்டியவர் அவர். முன்பு தான் வாங்கிக் குடித்த கஞ்சியை அவர் மறந்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் பணியில் செபமும் இருந்தது, கஞ்சியும் இருந்தது. ஒன்றுக்காக மற்றதை அவர் விடவில்லை.

செபமும் மருந்தும் அப்படிச் சேர்ந்தே போவதை நோயில்பூசுதலிலும் கண்டேன். எங்கள் அம்மாவின் காலத்தில் சுவாமி எண்ணெய்ச் சிமிழோடு வீட்டுக்குள் நுழைந்தால் அழுகை தொடங்கிவிடும். அவஸ்தைப்பூசுதல் என்றால் ஆள் முடிந்தது என்றே அர்த்தம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதைத் திருத்தியது. 1972இல் ஆறாம் பவுல் புதிய ஒழுங்கைத் தந்தார். நோயில்பூசுதல் கடும் நோயில் துன்பப்படுகிறவர்களுக்கும் உரியது, தேவைப்பட்டால் திரும்பவும் பெறலாம். திரும்பவும் என்பதைக் கவனியுங்கள். சபைக்கும் தெரியும், ஒரு தரத்தில் முடியாது என்று. நான் அதைப் பெற்றபோது சுவாமி நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் பூசினார். அந்தக் கைகளால் அன்று மாலையே குளிசை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். இரண்டும் ஒரே கடவுளிடமிருந்து வந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக் ஆகமம் சொல்லியிருக்கிறதே.

நோவு போய்விடவில்லை. பிசியோதெரபியில் சொல்லித்தந்த பயிற்சிகளை விடாமல் செய்வதால் பூசை முழுக்க உட்கார ஏலுகிறது. இரவில் கொஞ்சம் கூடுதலாக நித்திரை வருகிறது. இவற்றையும் நான் சுகத்தின் கணக்கில்தான் சேர்க்கிறேன். முழுச் சுகத்தையும் கேட்பேன். கிடைக்கும் என்று நம்புகிறேன், இந்த உடம்பில் இல்லாவிட்டால் உயிர்த்தெழும் உடம்பில்.

இந்த வருஷமும் தலவில திருநாளுக்குச் சனம் திரளும். உங்களோடு ஒரு வருத்தக்காரர் வருவாரென்றால், எழும்பி நிற்க ஏலாதவரை நிற்கச் சொல்லாதீர்கள். நிழலில் ஒரு கதிரை போட்டுக் கொடுங்கள், குளிசையை நேரத்துக்கு எடுத்துக் கொடுங்கள். சுகமாகிவிட்டதா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால், விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், அவருக்காகத் திரும்பவும் கேளுங்கள்.