சுண்டு விரலுக்கு இடம்

காலை 5.40. பழனி, சண்முகநதிப் பாலம். இடது சுண்டு விரல் மரத்துவிட்டது.

வீட்டிலிருந்து சைக்கிளில் கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

வலது கால் நன்றாக இருக்கிறது. இரண்டும் ஒரே பெட்டியில் வந்த ஷூ.


தைப்பூசத்துக்கு இன்னும் ஒன்பது நாள். ஆற்றில் ஏற்கெனவே கூட்டம். கொங்குப் பக்கத்திலிருந்து நடந்து வந்தவர்கள் குளிக்கிறார்கள். கரையில் வரிசையாகக் கால்களை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், பத்துப் பதினைந்து பேர்.

அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றோடொன்று ஒட்டாத விரல்கள். விரித்த விசிறி மாதிரி.

ஒரு அம்மாவுக்கு மெட்டி விரலில் புதைந்திருந்தது. சோப்புப் போட்டு மெல்ல உருட்டிக்கொண்டிருந்தார். "கிளம்புறப்ப லூசா கிடந்துச்சுங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்கிறார்.

நான்கு நாள் நடையில் விரல் பருத்திருக்கிறது. மெட்டி அப்படியே இருக்கிறது.


செருப்பு கடிக்கும் என்கிறோம். புதுசு என்றால் கடிக்கத்தான் செய்யும், போடப்போடப் பழகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள்.

தோல் செருப்புக்கு அது உண்மை. தோல் இளகும்.

என் சைக்கிள் ஷூவின் அடி கார்பன். இளகாது. பத்து வருடம் போட்டாலும் வாங்கிய அன்று இருந்த அகலம்தான். வளையக்கூடாது என்றே அதைச் செய்கிறார்கள். மிதிக்கிற பலம் அடியில் வளைந்து வீணாகாமல் பெடலுக்குப் போய்ச் சேர வேண்டும்.

எண்ணெய் தடவிப் பார்த்தேன். சாக்ஸ்தான் கறையானது.


பெட்டியின் மேல் எண் இருக்கிறது. 42. என்ன 42?

பாரிஸ் பாயிண்ட் என்று ஒரு அளவு. ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, 6.67 மில்லிமீட்டர். அப்படி 42.

நம் ஊர்க் கடைகளில் 7, 8, 9 என்று கேட்கிறோமே, அது பிரிட்டிஷ் எண். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். ஒரு பார்லி மணியின் நீளம் என்று கணக்கு.

இரண்டுமே நீளம். அகலத்துக்குப் பெட்டியில் எண்ணே இல்லை.


42 இறுக்குகிறது என்று 43 வாங்கியவர்கள் எத்தனை பேர். நானும் முன்பு ஒரு முறை அப்படித்தான் வாங்கினேன். நீளம் ஏறுகிற வேகத்தில் அகலம் ஏறுவதில்லை. முன்னால் விரலுக்கு எதிரே வெறும் இடம், பக்கவாட்டில் அதே நெருக்கடி. பின்னால் குதிகால் தூக்குகிறது. குதிகால் தூக்குகிறதே என்று மேல் பட்டையை இழுத்து இறுக்கினால் பாதத்தின் மேல்பக்கம் மரக்கிறது.

ஒரு வலிக்கு மூன்று வலி.


மலையடிவாரம். செருப்பு வைக்கிற இடம். டோக்கன் வாங்க நிற்கும்போது தட்டுகளைப் பார்த்தேன்.

ஹவாய் செருப்புகளில் விரல் தடம் பதிந்திருக்கிறது, ஐந்தும் தனித்தனியாக. சில செருப்புகளில் சுண்டு விரலின் தடம் பாதிதான் இருக்கிறது. மீதி வெளியே தரையில் நடந்திருக்கிறது.

மூடிய ஷூக்களில் சுண்டு விரல் பக்கம் புடைப்பு. ஏறக்குறைய எல்லாவற்றிலும்.

ஒரு கறுப்பு கான்வாஸ் ஷூ. சுண்டு விரல் இருக்கும் இடத்தை பிளேடால் அறுத்து எடுத்திருக்கிறார்கள். ஒழுங்கான சதுரம். ஓரம் பிரியாமல் நூல்கூட ஓட்டியிருக்கிறது. இரண்டு ஷூவிலும் இல்லை, இடதில் மட்டும்.

யாருடையது என்று தெரிந்துகொள்ள ஆசை. நிற்க நேரமில்லை. 693 படி.


பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் குடைக்கடியில் உட்கார்ந்து செருப்பு தைக்கிற அண்ணன். ஷூவைக் கையில் வாங்கி, திருப்பி, அடியைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். தட்டினார். பலகையைத் தட்டினால் வருகிற சத்தம்.

"கழட்டுங்க தம்பி. சாக்ஸையும்."

உள்ளே இருந்த மெத்தை அட்டையை உருவித் தரையில் போட்டார்.

"இது மேல ஏறி நில்லுங்க. ரெண்டு காலுக்கும் சமமா வெயிட் குடுங்க."

நின்றேன். குனிந்து பார்த்தார். சுண்டு விரலும் அதற்குக் கீழே இருக்கிற எலும்பு மேடும் அட்டைக்கு வெளியே. பால்பாயிண்ட் பேனாவால் அந்த இடத்தில் குறி வைத்தார். இடது காலில் ஒரு பீடி அகலம் வெளியே நிற்கிறது. வலது காலில் தீக்குச்சி அகலம்.

"உக்காந்துக்கிட்டு அளந்தா கால் சின்னதாத்தான் தெரியும்" என்றார்.

கடையில் உட்காரவைத்துத்தான் அளந்தார்கள். காலை 11 மணிக்கு. அதுவும் ஒரு பாதத்தை மட்டும்.


பாதம் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. மாலைக்குள் உப்புகிறது. வெயிலில் இன்னும். சமவெளியில் மே மாதம் 60 கிலோமீட்டர் ஓட்டினால் காலையில் போட்ட ஷூ மதியம் வேறு ஷூ.


சென்னை அடையாறு. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாட்டில் 79 இடங்களில் 1 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதத்தை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தார்கள்.

கண்டுபிடித்தது: இந்தியர் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலம்.

இனி நமக்கென்று தனி அளவு முறை என்று 2024-ல் செய்தி வந்தது. 'பா' என்று பெயர். பாரதத்தின் பா. பாதத்துக்கும் அதே எழுத்துதான்.

இத்தனை தலைமுறை வேறு யாருடைய காலுக்கோ செய்த அச்சில் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள்.


பழனியில் குதிரை வண்டிக்காரர் ஒருவர் குதிரையின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். லாடம் பார்க்கிறார்.

ஆணிகள் முன்பாதியில் மட்டும். பின்பாதியில் அடிப்பதில்லை. தரையில் ஊன்றும்போது குளம்பின் பின்பக்கம் விரியும். அது விரிய விட வேண்டும்.

மாட்டுக்கு ஒரு குளம்புக்கு இரண்டு லாடம். பிளந்த குளம்பு, இரண்டு பாதியும் தனித்தனியே அசையும்.


மணிப்பால் மருத்துவர்கள் ராவ், ஜோசப். 1992-ல் வந்த ஆய்வு. 2,300 பிள்ளைகளின் பாதத் தடம். செருப்பு, ஷூ போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8. விரல் மூடிய ஷூ போட்டவர்களிடம் அதிகம்.

2009-ல் பெல்ஜியத்து ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் வெறுங்காலில் நடந்தே வாழ்ந்தவர்களை அளந்தார்கள். பாதம் அகலம். உடம்பின் எடை அடிப்பாதம் முழுக்கப் பரவலாக இறங்குகிறது.

ஆற்றங்கரையில் பார்த்த விசிறி.


அண்ணன் மரக் கட்டை ஒன்றை எடுத்தார். கால் வடிவம். சுண்டு விரல் வருகிற இடத்தில் தோல் துண்டை ஒட்டினார், அதன் மேல் இன்னொன்று, பிறகு ஓரங்களைச் சீவி மேடாக்கினார். எலுமிச்சை விதை பெரிதானால் எப்படி இருக்கும், அந்த வடிவம். ஷூவின் உள்ளே ஈரத் துணியால் அந்த இடத்தை மட்டும் ஒற்றினார். கட்டையைச் செருகிப் பின்னால் ஆப்பு வைத்துத் தட்டினார். மூன்று தட்டு. நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டார். இன்னொரு தட்டு.

"ராத்திரி முழுக்க இருக்கட்டும். மேல்பக்கம்தான் தம்பி என் கை. அடிக்கு ஒண்ணும் செய்ய முடியாது."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மேல்பக்கம் இழுபடும். அடி இழுபடாது. பாதமே அடியைவிட அகலம் என்றால் எந்தக் கட்டையும் உதவாது.


ஷூவுக்குள் தண்ணீர்ப் பையை வைத்து ஃப்ரீசரில் போடு என்று ஒரு நண்பன். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பருக்கும், உண்மைதான். ஆனால் பருக்கிற பனிக்கட்டிக்குச் சுண்டு விரல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. எல்லாப் பக்கமும் தள்ளும். பசையால் ஒட்டிய ஷூவில் இதைச் செய்யாதீர்கள்.

சூடாக்கினால் இளகுகிற ஷூக்கள் தனியாக இருக்கின்றன. அவற்றை மட்டும் சூடாக்கலாம், செய்தவர் எழுதித் தந்த சூட்டில்.


இப்போது ஷூவைப் பெடலில் பூட்டுகிற முறை பனிச்சறுக்கிலிருந்து வந்தது. லுக் என்கிற பிரெஞ்சு நிறுவனம், 1984. அடுத்த வருடமே பெர்னார் ஈனோ அந்தப் பெடலில் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார்.

அதற்கு முன்னால் வாரால் கட்டுவார்கள். இறங்க வேண்டும் என்றால் குனிந்து வாரை அவிழ்க்க வேண்டும்.


ஆயக்குடி கொய்யாக்காரர். கேரியரில் கூடை, இரண்டு பக்கமும் பை. ஹவாய் செருப்பு. மேட்டில் எழுந்து நிற்காமல் ஏறுகிறார்.

அவர் பெடலை நடுப்பாதத்தால் மிதிக்கிறார். விரல்கள் முன்னால் தொங்குகின்றன. தாராளமாக.

வீட்டுக்கு வந்து, ஷூவைப் பெடலோடு பூட்டுகிற கிளீட்டைப் பின்னால் நகர்த்தினேன், 5 மில்லிமீட்டர், திருகுத் துளை விட்ட கடைசி வரை. விரல்களின் அடிமேட்டில் விழுந்த அழுத்தம் குறைந்தது. அன்றே தெரிந்தது.


மூன்றாவது விரலுக்கும் நான்காவது விரலுக்கும் நடுவே ஒரு நரம்பு ஓடுகிறது. பக்கவாட்டில் நெருக்கினால் எலும்புகளுக்கிடையே நசுங்குவது அதுதான். எரிச்சல், கூழாங்கல்லை மிதிப்பது மாதிரி ஒரு உறுத்தல். நரம்பு தடித்துவிட்டால் மார்ட்டன் நியூரோமா. பிலடெல்பியா மருத்துவர் மார்ட்டன் 1876-லேயே எழுதிவிட்டார்.

சைக்கிள்காரர்கள் 'கால் எரியுது' என்று தண்ணீரை ஷூவின் மேல் ஊற்றிக்கொள்கிறார்கள். தளர்த்தினால் போதும்.


பால் பிராண்ட். 1914-ல் பிறந்தவர், கொல்லிமலையில் வளர்ந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகால்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். உணர்வு போன பாதங்களுக்கு எந்தச் செருப்பு பொருந்தும் என்று வருடக்கணக்கில் தேடினார்.

உணர்வு குறைந்த கால் இறுக்கமான செருப்பைத்தான் தேர்ந்தெடுக்கும். இறுக்கினால்தான் போட்டிருப்பதே தெரிகிறது. இதைச் சர்க்கரை உள்ளவர்களிடம் மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். புண் வந்தது தெரியாது.

என் மாமாவுக்கும் சர்க்கரை. மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பார்க்க நன்றாக இல்லை என்று கல்யாண வீடுகளுக்கு வேறு ஷூ போட்டுப் போகிறார். இதை அவரிடம் நேரில் சொல்ல வேண்டும். போனில் வேண்டாம்.


கொடைக்கானல் மலைச்சாலை. வரதமாநதி அணை தாண்டி ஏற்றம் ஆரம்பம். பழனியிலிருந்து கொடை வரை சுமார் 65 கிலோமீட்டர். அண்ணன் கட்டை போட்ட ஷூ.

கிளம்பும்போது: முன் பட்டை சும்மா மூடியது மட்டும். மேல் பட்டை பிடிமானமாக. உள்ளே விரல்களால் தாளம் போட முடிகிறது.

மெல்லிய சாக்ஸ்.

இரண்டு மணி நேரம். வளைவுகள். கீழே பழனி மலை ஒரு கூழாங்கல் அளவுக்கு. சுண்டு விரல் இருக்கிறது. இருக்கிறது என்பது தெரிகிறது.

சவரிக்காடு. இறங்கி நின்றேன். பட்டையை இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். பாதம் பெருத்திருக்கிறது, அதற்குத் தகுந்தபடி.

வடகவுஞ்சி தாண்டி லேசாக மரத்தது. இடது காலில் அதே இடம். மேல்பக்கம் விட்டுக்கொடுத்துவிட்டது. அடி விடவில்லை. அண்ணன் சொன்னது.

பெருமாள்மலையில் தேநீர். ஷூவைக் கழற்றி வெறுங்காலைச் சிமெண்ட் தரையில் வைத்தேன். குளிர். ஐந்து விரலும் விரிந்தன.


திரும்பி வந்து அந்த ஷூவை ஒரு கல்லூரிப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். முதலில் உள் அட்டையை உருவி அதன் மேல் நிற்கச் சொன்னேன். அவன் பாதம் ஒடுக்கம். சுற்றிலும் அட்டை தெரிந்தது. அவனுக்கு அது நல்ல ஷூ.

எனக்கு அகல அச்சில் 42. இரண்டு வாரம் காத்திருந்து வந்தது.


வாங்கப் போகிறவர்களுக்கு. சாயங்காலம் போங்கள், கொஞ்சம் நடந்துவிட்டுப் போங்கள். ஓட்டும்போது போடுகிற சாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு காலையும், நின்றபடி அளக்கச் சொல்லுங்கள். பெரிய காலுக்கு வாங்குங்கள். உள் அட்டையை உருவி அதன் மேல் ஏறி நின்று குனிந்து பாருங்கள். சுண்டு விரல் வெளியே நின்றால் ஷூவைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.