குளிரை வென்ற நான்கு வீடுகள்

ஜேர்மனி நாட்டின் பிராங்போட் நகருக்குத் தெற்கே புகைவண்டியிற் சிறிது நேரம் சென்றால் டார்ம்ஸ்டாட் நகரை அடையலாம். கலைஞர் குடியிருப்பு விளங்கும் மதில்டன் குன்றைக் காணவே பயணிகள் பலரும் இங்கு வருவர். நாமோ அக்குன்றைக் கண்டபின், நகரின் வடகிழக்கே உள்ள கிரானிக்ஸ்டைன் பகுதிக்குச் சென்றோம். அங்கே ஒரே வரிசையில் ஒட்டி நிற்கும் நான்கு வீடுகளைக் காண்பதே எமது நோக்கம்.

புறத்தோற்றத்தில் அவற்றில் வியப்பேதும் இல்லை. ஆயினும் உலகின் முதலாவது ‘பசிவ் ஹவுஸ்’ எனப் பெயர் பெற்றவை இவையே. சுவீடன் நாட்டுப் பேராசிரியர் போ அடம்சனும் ஜேர்மனியப் பௌதிகவியலறிஞர் வொல்ப்காங் பைஸ்டும் 1988 இல் கொண்ட எண்ணம், 1991 இல் நான்கு குடும்பங்களுக்கு இல்லமாயிற்று. பைஸ்ட் தாமும் தம் குடும்பத்தாருடன் அவற்றுள் ஒன்றிற் குடிபுகுந்தார்.

இதன் நுட்பம் யாது? குளிர்நாட்டு வீடு ஓட்டைக் குடம் போன்றது. எத்துணைச் சூட்டை ஊற்றினும் சுவர், கூரை, யன்னல் இடுக்கு வழியே ஒழுகிவிடும். இவ்வறிஞர் ஓட்டையை அடைக்க முனைந்தனர். சுவரின் புறத்தே 27.5 சதமமீற்றர் தடிப்பில் வெப்பக்காப்பு. யன்னலுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி. வெளியேறும் காற்றின் சூட்டில் பெரும்பங்கை உட்புகும் புதுக்காற்றுக்கு மாற்றும் பொறி. எஞ்சிய தேவையை வெயிலும், அடுப்பும், வீட்டார் உடற்சூடுமே பெரும்பாலும் நிறைவு செய்கின்றன. ஒரு சதுரமீற்றருக்கு ஆண்டொன்றில் 15 கிலோவாற்று மணிக்கு மேற்படாமை இத்தகைய வீட்டின் இலக்கணம். பழைய வீடுகள் பலவற்றிலோ பத்து மடங்கு செலவாகும்.

2022 இல் உருசிய எரிவாயு தடைப்பட்டு விலை ஏறியபோது, பழைய மாடிவீடுகளில் வாழ்ந்தோர் கலங்கினர். 1980களிலிருந்து அங்கு குடியேறிய நம்மவர் பலரும் வாழ்வது அத்தகைய வாடகை வீடுகளிலேயே. அவர்கள் சுவரை மாற்ற இயலாது, எனினும் வழியுண்டு. யன்னலை நாள் முழுதும் சிறிது திறந்து வையாது, சில நிமிடம் அகலத் திறந்து மூடலாம். கதவடி இடுக்கை அடைக்கலாம். சூடேற்றியை மறைக்கும் தளபாடங்களை அகற்றலாம். அறைச் சூட்டை ஒரு பாகை குறைப்பின் நூற்றுக்கு ஆறளவில் மிச்சமாகுமென்பது அந்நாட்டார் கணக்கு.

மேலும் ஊற்றுமுன் ஒழுகுமிடம் எதுவென அறிவதே இல்லறச் சிக்கனத்தின் முதற்பாடம். கிரானிக்ஸ்டைன் வீடுகள் அதனை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓசையின்றிப் புகட்டி நிற்கின்றன.