நகத்தால் தடவிப் பார்

காரைக்குடியில் கொட்டான் பின்னக் கற்றுக்கொள்ளப் போனபோது, சொல்லிக்கொடுக்கும் அக்கா முதலில் கேட்டது, "தரையில உட்கார முடியுமா தம்பி?" என்றுதான். உட்கார்ந்தால் எழ முடியாது என்றேன். எனக்கு பெக்கர் வகைத் தசைச்சிதைவு. இடுப்பும் தோளும் முதலில் தளரும்; விரல்கள் வெகுகாலம் தாக்குப்பிடிக்கும். அக்கா ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, முழங்கை ஊன்ற ஒரு பலகையும் வைத்தார். அதற்கு மேல் எனக்கென்று தனிச் சலுகை எதுவும் கிடையாது.

செட்டிநாட்டு ஆச்சிமார் கல்யாணச் சீருக்கென்று பின்னி வைத்த பனையோலைக் கூடைதான் கொட்டான். மறைந்துகொண்டிருந்த இந்தக் கலையை விசாலாட்சி ராமசாமியின் எம்.ஆர்.எம்.ஆர்.எம். அறக்கட்டளை மீட்டெடுத்தது. 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து சாயம் ஏற்றுவார்கள். பின்னும்போது ஓலையில் ஈரம் இருக்க வேண்டும், காய்ந்தால் ஒடியும். எல்லாம் அடிப்பாகத்தில்தான் இருக்கிறது. அது தளர்ந்தால் பக்கம் எழும்பும்போது மூலை சரிந்துவிடும். "கண்ணால பார்க்காத, நகத்தால தடவிப் பாரு" என்பார் அக்கா. இடைவெளியில் நகம் சிக்கினால் பிரிக்க வேண்டியதுதான். என் உடம்பைக் காரணம் காட்டி அவர் ஒரு பின்னலைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

தசைநாரின் உட்சட்டத்தை அதன் மேலுறையோடு பிணைத்து வைக்கும் புரதம் டிஸ்ட்ரோஃபின். எனக்கு அது குறைபட்டு உருவாகிறது. இதே நோயின் டுஷேன் வகையில் ஏறக்குறைய இல்லவே இல்லை. பள்ளிக்கூடங்களில் இதைப் பேசப் போகும்போது, ஒரு கொட்டானில் சில ஓலைகளை உருவிவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்து இழுக்கச் சொல்வேன். இழுக்க இழுக்கப் பின்னல் நெகிழும். தசையும் இப்படித்தான், வேலை செய்யச் செய்யச் சிதைகிறது என்றால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

கதையை அப்படிச் சொல்லக் கற்றுக்கொடுத்ததும் அக்காதான். "அழுகையில ஆரம்பிச்சா பாவம்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க தம்பி. சாமானைக் கையில குடு."

எனக்கு முன்னே இந்த வழியில் நடந்தவர்கள் சேலத்துச் சகோதரிகள் வானவன் மாதேவியும் இயல் இசை வல்லபியும். தங்களுக்கு வந்த அதே நோயோடு வாழ்பவர்களுக்காக ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். மாதேவி 2017இல் காலமானார். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட 21 ஊனங்களில் தசைச்சிதைவும் ஒன்று. ஆனால் ஊனச் சான்றிதழ் கேட்டுப் போக, முதலில் நோயின் பெயர் வீட்டுக்குத் தெரிய வேண்டுமே.

சமீபத்தில் ஒரு பள்ளியில் பேசி முடித்ததும் ஓர் அம்மா தயங்கி நின்றார். மகனுக்கு ஆடுசதை நன்றாகத் திரண்டிருக்கிறது, பலசாலி என்று நினைத்திருந்தாராம்; ஆனால் எழும்போது தொடையில் கையூன்றி எழுகிறான். அப்படித் திரள்வது பலமாக இருக்க வேண்டியதில்லை, இந்த நோயிலும் வரும் என்றேன். சிகே என்ற ரத்தப் பரிசோதனையையும், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவையும் தாளில் எழுதிக் கொடுத்தேன். பையனையும் கூட்டிக்கொண்டு உடனே போகச் சொன்னேன்.